சேஃப்டி சுரேந்தர் எழுதிய அருஞ்சொற்பொருள்

2025 பிப்ரவரி முடிய, சுரேந்தர் நடத்திய காலைக் கூட்டங்களின் எண்ணிக்கை 2,316. சிங்கப்பூரின் மேற்குக் கரையில் ஒரு கப்பல் பழுதுபார்ப்புத் தளம். காலை ஏழு நாற்பதுக்கு முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேர் நின்றபடியே தூங்குவார்கள். அன்றைக்கு எதெது ஆளைக் கொல்லக்கூடும் என்று அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லி, விழிக்கவைத்து, உள்ளே அனுப்ப வேண்டும். அதுதான் அவருடைய வேலை. பதவியின் பெயர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். தளத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சிலருக்கு அவர் சேஃப்டி, சிலருக்குச் சேஃப்டி அண்ணே.

வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் அறந்தாங்கி. 2014இல் ஃபிட்டராக வந்தார். மூன்று வருடம் கழித்து மேலே இருந்து விழுந்த ஒரு ஸ்பேனர் அவருடைய காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையைக் குத்தியது. மதியச் சாப்பாட்டின்போது அந்த ஸ்பேனர் என்ன நினைத்துக்கொண்டு விழுந்திருக்கும் என்று அவர் சொல்லிக் காட்ட, இருபது பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அதை ஃபோர்மேன் பார்த்தார். அடுத்த மாதம் சுரேந்தரைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

கூட்டத்தில் தினம் ஒரு சொல் என்பது அவரே கண்டுபிடித்த வழி. தளத்தில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவிப்புகள் அத்தனையும் சுத்தத் தமிழ்; படிக்கத்தான் ஆளில்லை. அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வெள்ளைப் பலகையில் எழுதுவார். கீழே அவருடைய பொருள் இருக்கும்.

அவசரம்: ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து ஐந்து வாரம் படுத்திருப்பது.

அலட்சியம்: 'ஒண்ணும் ஆகாது' என்று நேற்றுச் சொன்னவர் இன்று எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நிற்பது.

முன்னெச்சரிக்கை: நடக்காமல் போனதற்காக யாரும் நன்றி சொல்லாத வேலை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை அந்த வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றார். பிரசாந்தி, கப்பல் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் கையேடுகள் எழுதுபவர். தளத்துக்குள் போக வேண்டுமானால் யாராயிருந்தாலும் கூட்டத்தில் நின்றாக வேண்டும். பலகையில் இருந்த சொல்லையும் பொருளையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் நேராக வந்து, தான் சிறுவர்களுக்கு ஒரு தமிழ்க் கதை எழுதியிருப்பதாகவும், அதில் நாற்பத்து மூன்று சொற்கள் தூக்குமேடையில் நிற்பதாகவும் சொன்னார்.

மேடையைக் கட்டியவர் பதிப்பாளர் விஸ்வலிங்கம். தஞ்சோங் பகார் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஃபேரர் பார்க்கில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் பதிப்பகம் நடத்துகிறார். எந்தக் கையெழுத்துப் பிரதியும் முதலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரிடம் போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வருவார்கள், தெரியாத சொல்லைச் சிவப்பில் வட்டமிடுவார்கள், கீழே போய்ப் பரோட்டா சாப்பிடுவார்கள். வட்டம் விழுந்த சொல்லுக்குப் பதிலாக எளிய சொல் வரும். அவர் பதிப்பித்த இருபத்திரண்டு புத்தகங்களும் அப்படித்தான் வந்தன.

பிரசாந்தி ஒப்புக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், சிங்கப்பூரில் நான்காவது தலைமுறை. பள்ளியில் படித்த தமிழைப் பிடித்த பிடியை விடாமல் வைத்திருப்பவர். அவருடைய கதையில் வினுஷா என்ற பதினோரு வயதுப் பெண், கைவிடப்பட்ட ஒரு கப்பலுக்குள் நுழைகிறாள். நூலேணி, கும்மிருட்டு, சாகசம் எல்லாம் இல்லாமல் அவள் எப்படி நுழைவாள் என்று கேட்டார். பின்பக்கத்தில் பொருள் போட்டுவிடலாமே என்றும் சொன்னார்.

"பின்பக்கத்த யாரும் படிக்கிறதில்ல லா," என்றார் விஸ்வலிங்கம், சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு. "நானே படிக்கிறதில்ல."

பேரம் இப்படி முடிந்தது: பிள்ளைகள் அருஞ்சொற்பொருளைப் படித்து, ஒரு சொல்லை ஐந்து பேராவது விளக்கிவிட்டால் அந்தச் சொல் இருக்கும். பொருள் எழுதுபவரின் பெயர் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். படிக்காவிட்டால் சொல்லும் போகும், பெயரும் போகும். மார்ச் பதினான்காம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

அந்தப் பொருளை எழுதித் தர முடியுமா என்று பிரசாந்தி கேட்க, சுரேந்தர் உடனே சரி என்றதற்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய மகள் வர்ஷாவுக்கு ஒன்பது வயது. மனைவி சங்கீதாவும் அவளும் அறந்தாங்கியில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை வீடியோவில் பேசுவார்கள். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு சங்கீதா வாய்தவறி, வர்ஷா சைக்கிளில் கடைத்தெரு வரை போய்வந்ததைச் சொல்லிவிட்டார். சைக்கிளா என்று கேட்டார் சுரேந்தர். அவள் ஓட்டத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லாமலே விட்டிருக்கிறாள். பழைய உரையாடல்களை அவர் யோசித்துப் பார்த்தார். மாடியா, வேண்டாம். பட்டாசா, தள்ளி நில். ஊஞ்சலா, மெதுவாக. இரண்டாயிரம் காலைகள் முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைத்தவர், சொந்த மகளை ஒரு தடவையும் சிரிக்கவைக்கவில்லை. மகள் விஷயங்களைத் தன்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் கையில் ஒரு புத்தகம் போய்ச் சேர வேண்டும், அதன் கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும், அதைப் படித்து அவள் சிரிக்க வேண்டும். சிரித்தால் பேசுவாள் என்பது அவருடைய எண்ணம்.

பூன் லேயில் நான்கு பேர் பகிர்ந்துகொண்டிருக்கும் வீட்டில், சமையல் முறை தன்னுடையதாக இல்லாத நாட்களில் உட்கார்ந்து எழுதினார். ரயிலிலும் எழுதினார். நாற்பத்து மூன்றையும் எழுதி முடித்து, தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் கட்டம் போட்டு அனுப்பினார். முதல் கட்டத்தில் சொல், இரண்டாவதில் ஆபத்து, மூன்றாவதில் தடுக்கும் வழி.

சாகசம்: பெர்மிட் இல்லாமல் செய்யும் வேலை. செய்து திரும்பியவர்களை மட்டும்தான் கதைகளில் பார்க்கிறோம்.

நூலேணி: தொங்கும்போது பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் அதில் தொங்கும்போது அவ்வளவு அழகாக இருக்காது.

பாழடைந்த: கடைசியாகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவருக்கே இப்போது கொள்ளுப் பேரன் இருக்கும்.

தன்னந்தனியாக: 'உதவி' என்று கத்தினால் எதிரொலி மட்டும் ஓடிவரும் நிலை.

இறுமாப்பு: தலை பெரிதாகிவிடுவது. இந்த அளவில் ஹெல்மெட் கிடையாது.

கும்மிருட்டு: கண் திறந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டிய இருட்டு. தொடாதீர்கள். குத்திக்கொள்வீர்கள்.

விஸ்வலிங்கம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பிரசாந்தி பிறகு சொன்னார். கட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை. சுரேந்தர் அரைநாள் விடுப்பு எடுத்து வந்து, தளத்தில் நிற்பதுபோலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலருகே நின்றார். ஒன்பது பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விஸ்வலிங்கம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இறுமாப்புக்கு ரித்திக் என்ற பையன் எழுந்து, இரண்டு கைகளாலும் தலையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் வரைந்தான். தன்னந்தனியாக என்றதும் ஒரு மூலையில் இருந்து ஒருத்தி 'உதவி' என்று கத்த, மறுமூலையில் இருந்து நான்கு பேர் எதிரொலித்தார்கள். நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று தேறியது. பிரசாந்தி சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டார். சுரேந்தர் தன் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அப்போது அஃப்னா கையைத் தூக்கினாள். பத்து வயது. ஒன்பது பேரில் வேகமாகப் படிப்பவள்.

"அங்கிள், வினுஷா ஏன் உள்ள போனா? பெர்மிட் இல்ல. டார்ச் இல்ல. ஸ்லிப்பர் போட்டிருக்கா."

பிள்ளைகள் முதலில் படித்தது பின்பக்கத்தை என்று அப்போதுதான் தெரிந்தது. அதைப் படித்து முடித்துவிட்டுக் கதைக்குள் வந்தவர்கள், நான்காம் அத்தியாயத்தில் வினுஷா நூலேணியில் காலை வைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அஃப்னா வாக்கெடுப்பும் நடத்தியிருந்தாள். ஒன்பதுக்கு ஏழு பேர், கதை முப்பத்தொன்றாம் பக்கத்திலேயே முடிய வேண்டும் என்றார்கள். வினுஷா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி, அம்மா துறைமுகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் ஆள் அனுப்பிக் கப்பலைச் சுற்றி வேலி போட வேண்டும். ரித்திக் வேலியைப் படமாகவே வரைந்து கொண்டுவந்திருந்தான்.

விஸ்வலிங்கம் சிரித்த சிரிப்பில் கீழே பரோட்டாக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். பிரசாந்தி சிரிக்கவில்லை. அவருடைய கதைக்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மீதி எண்பத்தொரு பக்கத்தை யாரும் திறக்கவில்லை.

"சுரேந்தர், என் ஹீரோயின நீங்க வீட்டுக்கே அனுப்பிட்டீங்க," என்றார்.

பிள்ளைகள் போன பிறகு விஸ்வலிங்கம் தீர்ப்பைச் சொன்னார். சொற்கள் மனதில் நிற்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் வாசலிலேயே வாசகனைத் தடுத்து நிறுத்தும் அருஞ்சொற்பொருளை அவர் அச்சிட முடியாது. அடுத்த சனிக்கிழமைக்குள் மாற்றி எழுத முடிந்தால் எழுதலாம். இல்லையென்றால் அகராதியில் உள்ளதை வரிசையாகப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் புரியாததைப் பழைய வழக்கப்படி எடுத்துவிடுவார். பெயரும் இருக்காது.

ஏழு நாள். நாற்பத்து மூன்று சொற்களை, ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் எழுத வேண்டும்.

ஞாயிறும் திங்களும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. எச்சரிக்கையை எடுத்தால் சிரிப்பும் கூடவே போய்விட்டது. 'கும்மிருட்டு: மிகுந்த இருள்' என்று எழுதிவிட்டு, அதைத் தானே அடித்தார். ஞாயிறு வீடியோவில் வர்ஷாவிடம் கதையைப் பற்றிச் சொல்லி, சாகசம் என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தார்.

"நான் சைக்கிள் ஓட்டினது," என்றாள்.

அதில் என்ன சாகசம், எல்லாரும்தானே ஓட்டுகிறார்கள் என்றார்.

"உங்ககிட்ட சொல்லாம ஓட்டினேன்ல."

சங்கீதா பின்னால் இருந்து களுக்கென்று சிரித்தார். சுரேந்தரும் சிரித்துவைத்தார். 

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கப்பலின் அடியில் இருக்கும் நீர்த்தொட்டிக்குள் வெல்டிங் வேலை. வெல்டர் நடேசன் அவருக்கு முன்பே வந்து தொட்டியின் வாயருகே உட்கார்ந்திருந்தார். சுரேந்தர் காற்றைச் சோதித்தார், விளக்கைச் சோதித்தார், வெளியே காவல் நிற்பவரின் பெயரைக் கேட்டு எழுதினார். வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார் போலிருக்கிறது. என்னண்ணே முகம் வாடியிருக்கு என்று நடேசன் கேட்க, நடந்ததைச் சொன்னார். தன் வாயில் வேண்டாம் என்பதைத் தவிர வேறு வரவில்லை என்றும், எட்டு வருடப் பழக்கம் என்றும் சொன்னார்.

நடேசன் தொட்டியின் வாயில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'அனுமதியின்றி நுழையாதீர்' என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது.

"வேணாம்னு சொல்ல இந்தப் போர்டு போதும்ணே. போலாம்னு சொல்லத்தான் ஆளு வேணும். ரெண்டு வருஷமா நீங்க சொன்னப்புறம்தான நான் உள்ள போறேன்."

சொல்லிவிட்டு, பெர்மிட்டில் கையெழுத்து இன்னும் விழவில்லை என்பதை விரலால் தட்டிக் காட்டினார். சுரேந்தர் கையெழுத்துப் போட்டார். நடேசன் உள்ளே இறங்கினார்.

அன்று மதியம் பெர்மிட் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார் சுரேந்தர். எச்சரிக்கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு, தளத்தில் செய்வதுபோல, ஒரு கேள்வியையும் ஒரு கையெழுத்தையும் சேர்த்தார். புதன்கிழமை சமையல் முறை அவருடையது, பருப்பு அடிப்பிடித்தது. வீட்டிலிருந்த மற்ற மூவரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பொருளையும் அவர் அவர்களிடம்தான் முதலில் படித்துக் காட்டினார். அவர்களில் ஒருவர் சிரிக்காவிட்டாலும் திரும்ப எழுதினார். வெள்ளி மாலை நாற்பத்து மூன்றும் முடிந்தன.

மார்ச் எட்டு, சனிக்கிழமை. விஸ்வலிங்கம் புதிய தாள்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை சுரேந்தரே படிக்கட்டும், காலைக் கூட்டம்போல நடக்கட்டும் என்றார். சுரேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒன்பது பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துவிட்டது.

"கும்மிருட்டு: கண் திறந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டிய இருட்டு. டார்ச் இருக்கிறதா? பேட்டரி இருக்கிறதா? அப்படியானால் அது வெறும் அறை. போகலாம்."

"நூலேணி: காற்று தொட்டாலே கூச்சத்தில் நெளியும் ஏணி. இரண்டு கையும் இரண்டு காலுமாக நான்கில், மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும். நான்காவது மேலே போகட்டும். மூன்று இருக்கிறதா? போகலாம்."

"மர்மம்: யாரோ தகவல் பலகையை எழுதாமல் விட்டுவிட்டார்கள். பேனா இருக்கிறதா? நீங்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள். போகலாம்."

நான்காவது சொல்லில் கடைசி வார்த்தையை அவர் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் சொன்னார்கள். ஆறாவதில் 'போலாம் லா' என்று ரித்திக் மாற்றினான். அதன் பிறகு எல்லாருக்கும் அப்படித்தான். துணிச்சல் என்பது பயந்துகொண்டே ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுவது என்றபோது இரண்டு பேர் குனிந்து நாடாவைப் பார்த்தார்கள். இருவரும் வெறுங்காலோடுதான் இருந்தார்கள், ஷூ வாசலில் கிடந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு.

கடைசியாகச் சாகசத்தை வைத்திருந்தார். அதை மட்டும் தாளைப் பார்க்காமல் சொன்னார்.

"சாகசம்: திரும்பி வந்து யாரிடமாவது சொல்லியே தீர வேண்டிய ஒன்று. சொல்வதற்கு ஆள் இருக்கிறதா? போகலாம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அஃப்னா தன் ஆளை யோசிப்பதுபோல விட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த வாரம் கணக்கு நாற்பது. மூன்று சொற்கள் தோற்றன. அவற்றில் இறுமாப்பும் ஒன்று. கேள்வி சேர்த்ததில் ஹெல்மெட் பின்னுக்குப் போய், பிள்ளைகள் அதை ஏதோ தலைவலி என்று நினைத்துவிட்டார்கள். சுரேந்தருக்கு அதில் வருத்தம்தான். பழையதையே போடலாமே, அது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லையே என்று பிரசாந்தி வாதாடிப் பார்த்தார். விஸ்வலிங்கம் பேரம் பேரம்தான் என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்றும் போயின. ஆனால் வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஒன்பது பேர் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்கள். அன்று பரோட்டா சாப்பிடக் கீழே போகாமல் இரண்டு பேர் மேலேயே உட்கார்ந்து படித்தார்கள். அஃப்னா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்: வினுஷா ஸ்லிப்பரோடு நூலேணி ஏறக் கூடாது. பிரசாந்தி அந்த இடத்திலேயே நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்து, அவளுக்கு ஷூ மாட்டிவிட்டார்.

விஸ்வலிங்கம் கடைசிப் பக்கத்துக்காகச் சுரேந்தரின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். தொழில் என்ன போடுவது என்று கேட்டார். 'சேஃப்டி' என்றே போடச் சொன்னார் சுரேந்தர்.

மறுநாள் மாலை வீடியோவில் நாற்பதையும் படித்துக் காட்டினார். தோற்றுப்போன ஹெல்மெட்டையும் சேர்த்துக்கொண்டார். வர்ஷா அதிகம் சிரித்தது அதற்குத்தான். சாகசம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். திரும்பப் படிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கேமராவைப் பார்க்காமல் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ப்பா, ஒண்ணு சொல்லட்டா?"

பள்ளிக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் திறந்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் வகுப்பு. அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று, இவளும் பெயர் கொடுத்தாயிற்று.

சுரேந்தருக்கு முதலில் வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. ஆழம் எவ்வளவு என்று கேட்டார். மூன்றடி என்றாள். சொல்லித் தருபவர் யார் என்றார். பெயரும் வயதும் சொன்னாள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதற்குள், "எட்டுப் பேருப்பா," என்றாள்.

"அப்பப் போ," என்றார்.

 உடனே சங்கீதாவின் முகம் திரைக்கு மிக அருகே வந்து, லைன் சரியாக இருக்கிறதா, பேசுவது நீங்கள்தானா என்று கேட்டது.

புத்தகம் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வெளியாகிறது. நீச்சல் வகுப்பு மே ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது.